வீட்டில் வேலை செய்பவரின் சிசேரியன் செலவை நான் ஏற்கலாமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் தனியார் மருத்துவமனையில் சிசேரியன் மூலம் குழந்தை பிறந்தது. வலியே எடுக்கவில்லை. "தண்ணீர் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, எதற்கு ரிஸ்க்?" என்றார்கள். நாங்களும் தேதி பார்த்துப் போய்ச் சேர்ந்துவிட்டோம். எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு மூன்று வருடத்துக்கு முன் முதல் பிரசவம். ஒரு பகல், ஒரு இரவு வலி வந்தும் தலை இறங்கவில்லை. முதலில் போன அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் இல்லையென்று வேறு இடத்துக்கு அனுப்பினார்களாம். அங்கே போய் ஆபரேஷன் ஆகி இவர் பிழைத்தார், குழந்தை தங்கவில்லை. இப்போது மறுபடி ஆறு மாத கர்ப்பமாக இருக்கிறார். என் டாக்டரிடமே கூட்டிப்போய், தேதி குறித்துச் சிசேரியன் செய்து, முழுச் செலவையும் நானே ஏற்கலாம் என்று நினைக்கிறேன். என் கணவரோ "சிசேரியன் அதிகமாகிவிட்டது என்று உலகமே கத்துகிறது, நீ இன்னொன்றைச் சேர்க்கிறாயா?" என்கிறார். உண்மையில் சிசேரியன் அதிகமா, குறைவா? எனக்கே தேவையில்லாமல் செய்துவிட்டார்களோ என்றும் உறுத்துகிறது.

பதில்: செலவை ஏற்கலாமா என்றால், தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் சிசேரியன் என்று முடிவு கட்டிவிட்டு அதற்குப் பணம் கட்டாதீர்கள். எதற்குக் கட்டலாம் என்பதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் வீட்டுச் சண்டையைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் கணவர் சொல்வதும் சரி, உங்கள் பயமும் சரி.

உலகம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 2000-ல் நூறு பிரசவத்தில் சுமார் 12 சிசேரியன். 2015-ல் அது 21 ஆகிவிட்டது. இதே 2015 கணக்கில் லத்தீன் அமெரிக்கா, கரீபியன் பகுதியில் 44, மேற்கு மற்றும் மத்திய ஆப்பிரிக்காவில் வெறும் 4. ஒரே வருடம், ஒரே ஆபரேஷன்! இந்த 4 என்பதைப் பார்த்து "அங்கே எல்லாருக்கும் சுகப்பிரசவம் போலிருக்கிறது" என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். ஒரு நாட்டின் மொத்தக் கணக்கில் சிசேரியன் 10 சதவீதத்தை நோக்கி ஏற ஏறத் தாய் சேய் மரணம் குறைகிறது, 10-ஐத் தாண்டிய பிறகு மேலும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. அப்படியென்றால் 4-ல் நிற்கும் இடத்தில் ஆபரேஷன் தேவைப்பட்டும் கிடைக்காமல் பெண்கள் சாகிறார்கள், குழந்தைகள் சாகின்றன என்றுதான் பொருள். 44-ல் நிற்கும் இடத்தில் பெரும்பகுதி உயிர் காப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. (அந்த 10 சதவீதத்தை ஒவ்வொரு மருத்துவமனையும் எட்ட வேண்டிய இலக்கு என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த நிறுவனமே அப்படிச் சொல்லவில்லை. எண்ணைத் துரத்தாதீர்கள், தேவைப்படும் பெண்ணுக்குக் கிடைக்கச் செய்யுங்கள் என்பதுதான் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது.)

நாட்டுக்கு நாடு இருக்கும் இந்த வித்தியாசத்தைவிட எனக்குக் கோபம் வருவது ஒரே நாட்டுக்குள் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்துத்தான். குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 82 நாடுகளின் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, அடித்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குப் பெண்களைவிட மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்குப் பெண்களுக்குச் சிசேரியன் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒரு நாட்டின் சராசரி 12 என்று அச்சாகி வரும், அதிகாரிகள் படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் ஒரு பக்கம் 30, இன்னொரு பக்கம் 3 என்று இருந்தாலும் சராசரி அப்படி வரலாம். பிரேசிலில் தனியார் மருத்துவமனைகளில் பத்தில் எட்டுக்கு மேல் சிசேரியன். இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தனியாரில் 47.4 சதவீதம், அரசு மருத்துவமனையில் 14.3. பெண்ணின் இடுப்பெலும்பு, அவள் எந்தக் கட்டடத்துக்குள் நுழைகிறாள் என்பதைப் பொறுத்துக் குறுகுவதில்லை. சிக்கலான கேஸ்கள் அரசுக்குத்தான் அதிகம் வருகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த எண்கள் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஆக, "அதிகமா, குறைவா" என்ற கேள்விக்கு, இரண்டும்தான், இரண்டுக்கும் காரணமும் ஒன்றுதான் என்பது என் பதில். ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்பதைத் தாயின் உடல்நிலையும் குழந்தையின் துடிப்பும் தீர்மானிக்காமல் பணம், நேரம், ஆள் வசதி, யார் கேள்வி கேட்பார் என்பதெல்லாம் தீர்மானிக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு முன்கூட்டியே கத்தி வந்தது, அவருக்குத் தாமதமாக வந்தது.

உங்கள் பக்கத்தை முதலில் பார்க்கலாம். இதில் யாரும் வில்லனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் பிரசவத்தில் வலி பன்னிரண்டு, பதினெட்டு மணி நேரம் போவது சாதாரணம். "நீங்களே வந்து பார்க்கணும் டாக்டர்" என்று எல்லாக் கர்ப்பிணிகளும் ஒரே டாக்டரிடம் வாக்கு வாங்கிக்கொண்டால், அவர் மாதம் முழுக்க ராத்தூக்கம் இல்லாமல் பிரசவ வார்டில் உட்கார வேண்டும். சிசேரியன் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், பகலில் முடிந்துவிடும், பல இடங்களில் கட்டணமும் கூடுதல். "ஏன் ஆபரேஷன் செய்தீர்கள்?" என்று வழக்குப் போடுகிறவர்கள் அபூர்வம். "ஏன் செய்யவில்லை?" என்றுதான் போடுவார்கள். இத்தனையும் சேர்ந்து ஒரே திசையில் தள்ளும்போது "தண்ணி கம்மி", "கொடி சுத்தியிருக்கு" என்பதெல்லாம் போதுமான காரணமாகிவிடுகின்றன. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருப்பது ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தைக்கு இருக்கும், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. மருத்துவச்சிகள் கூடவே இருந்து வலியைப் பார்த்துக்கொண்டு, டாக்டர்கள் ஷிப்ட் முறையில் வந்துபோகும் இடங்களில் இந்த அவசரம் குறைவு, ஏனென்றால் அங்கே பிரசவம் நீண்டால் யாருடைய இரவும் கெடாது.

இதை விவரமறிந்தவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா, டெக்சாஸ் பிறப்புப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், தாயே டாக்டராக இருந்தால் அவருக்குச் சிசேரியன் ஆகும் வாய்ப்பு மற்ற படித்த பெண்களைவிடச் சுமார் 10 சதவீதம் குறைவு. கேள்வி கேட்கத் தெரிந்தவர் மேல் கத்தி அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

ஏழைக்கு எப்போதும் குறைவாகத்தான் கிடைக்கும் என்றும் எண்ணிவிடாதீர்கள். அதே அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் கிட்டத்தட்ட பத்து லட்சம் பிரசவங்களை அலசி 2024-ல் வெளியான ஆய்வில், அதே உடல்நிலை, அதே மருத்துவமனை, அதே டாக்டர் என்றாலும் கறுப்பினத் தாய்மாருக்குத் திட்டமிடாத சிசேரியன் கணிசமாக அதிகம் என்று தெரிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் ஏற்கெனவே வேறு கேஸ் ஓடிக்கொண்டிருந்தால் அந்த வித்தியாசம் மறைந்துவிடுகிறது. தியேட்டர் காலியாக இருக்கும்போது மட்டும் அவர்களுக்குத் "தேவை" வந்துவிடுகிறது! வசதி குறைந்த, மதிப்புக் குறைவாக நடத்தப்படும் பெண்ணுக்கு ஓர் ஊரில் ஆபரேஷன் மறுக்கப்படும், இன்னோர் ஊரில் கேட்காமலேயே செய்யப்படும். இரண்டிலும் அவள் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

உங்களுக்குத் தேவையில்லாமல் செய்தார்களா என்பதைக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. தண்ணீர் உண்மையிலேயே மிகக் குறைந்து, குழந்தையின் வளர்ச்சியோ துடிப்போ சரியில்லை என்றால் ஆபரேஷன் நியாயமானது. உங்கள் கோப்பை வாங்கி எந்த வாரம், தண்ணீரின் அளவு எவ்வளவு, துடிப்புப் பதிவு எப்படி இருந்தது என்று பாருங்கள். அடுத்த குழந்தைக்கு எப்படியும் அது தேவைப்படும். உறுத்தலைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டில் வேலை செய்பவரின் குழந்தை இறந்ததற்கும் உங்கள் ஆபரேஷனுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. மறைமுகத் தொடர்பு உண்டு, அது உங்கள் தப்பு இல்லை: ஒரு நாட்டில் இருக்கும் மயக்க மருந்து டாக்டர்கள் கொஞ்சம் பேர், அவர்கள் எங்கே நிற்பார்கள் என்பதைச் சம்பளம்தான் முடிவு செய்கிறது. காலை பத்து மணிக்குத் தேதி குறித்த ஆபரேஷன்கள் நடக்கும் இடத்தில் இருப்பார்கள், நள்ளிரவில் சிறிய அரசு மருத்துவமனையில் இருக்க மாட்டார்கள்.

இனி அவருடைய பக்கம். பிரசவச் சாவுகளை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இருவர் 1994-ல் மூன்று தாமதங்கள் என்று ஒரு கணக்குச் சொன்னார்கள். கிளம்பலாம் என்று வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைப்பதில் தாமதம். ஏழைப் பெண்கள் சாகும்போது "நேரத்தோடு வரவில்லை, படிப்பறிவு இல்லை" என்று முதல் தாமதத்தின் மேலேயே பழியைப் போட்டுவிட்டு எழுந்து போவது எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம். உங்கள் வீட்டுப் பெண் முதல் இரண்டையும் தாண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துவிட்டார். விழுந்தது மூன்றாவதில். தலை இறங்காமல் வலி மட்டும் நீடித்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும், கர்ப்பப்பை கிழியலாம், மூத்திரப்பை நசுங்கிப் பிறகு காலம் முழுக்கச் சிறுநீர் ஒழுகும் துளைகூட விழலாம். "ரெஃபர்" என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பும்போது இந்தக் கடிகாரம் நிற்பதில்லை, ஆம்புலன்ஸிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

தாமதமாகக் கிடைக்கும் ஆபரேஷன் ஆபத்தானதும்கூட. 2019-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் ஆயிரம் சிசேரியனுக்கு ஏறக்குறைய 8 தாய்மார் இறக்கிறார்கள், சஹாராவுக்குத் தெற்கே ஏறக்குறைய 11. பணக்கார நாடுகளில் இது பல மடங்கு குறைவு. கத்தி ஒன்றுதான். ரத்தம் கையிருப்பில் இல்லை, மயக்கம் கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இல்லை, பெண் வந்து சேரும்போதே ரத்தசோகையிலும் காய்ச்சலிலும் வருகிறாள்.

அரசுகள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. மாலி 2005-லும் பெனின் 2009-லும் சிசேரியனை இலவசமாக்கின. நல்ல காரியம்தான், ஆனாலும் மாலியில் அதன் பலன் அதிகம் போனது வசதியுள்ளவர்களுக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும். தியேட்டர் வாசலில் கட்டணத்தை எடுத்துவிட்டால் வழியில் இருக்கும் வண்டிச் செலவும் இழந்த கூலியும் போய்விடுமா? எனக்கு மிகவும் பிடித்தது மொசாம்பிக் செய்தது. அங்கே 1980-களிலிருந்து, டாக்டர் பட்டம் இல்லாத மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சிறிய மருத்துவமனைகளில் சிசேரியன் செய்ய வைத்தார்கள். மலாவி போன்ற நாடுகளிலும் இது நடக்கிறது. இப்படிப்பட்டவர்கள் செய்த ஆபரேஷன்களையும் டாக்டர்கள் செய்தவற்றையும் 2011-ல் ஒப்பிட்டுப் பார்த்ததில், புண் ஆறுவதில் பிரச்சினை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தாய் சேய் மரணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் டாக்டர் சங்கங்கள் பலவற்றுக்கு இது கசக்கும். கசக்கட்டும், நள்ளிரவில் அங்கே நிற்பது இந்தப் பணியாளர்கள்தானே.

பணம் கட்டவில்லை என்று பிரசவித்த தாயையும் குழந்தையையும் வெளியே விடாமல் வைத்திருப்பதும் பல நாடுகளில் நடக்கிறது. அது சட்டவிரோதம் என்று கென்ய உயர் நீதிமன்றம் 2015-ல் தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றம் வரை போய்ச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே வெட்கம்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. முதலில் அவருடைய பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பையில் போட்ட வெட்டு கீழ்ப்பகுதியில் குறுக்காகவா, மேலே நெடுக்காகவா என்று அதில் இருக்க வேண்டும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து அதைச் சொல்ல முடியாது. குறுக்கு வெட்டு என்றால் இந்த முறை வலி வரும் வரை காத்திருந்து சுகப்பிரசவத்துக்கு முயற்சிக்கலாம், பொதுவாக நாலு பேரில் மூன்று பேருக்கு அது பலிக்கிறது. போன முறை தலை இறங்காததால் ஆபரேஷன் ஆனவர் என்பதால் இவருக்கு வாய்ப்புக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் பாதிக்கு மேல் உண்டு. பழைய தையல் பிரியும் ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. நெடுக்கு வெட்டு என்றால் வலிக்கு விடவே கூடாது, தேதி குறித்து ஆபரேஷன்தான்.

இரண்டாவது, நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி (பிளசென்டா), எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேன். இதற்கு நீங்கள் தாராளமாகப் பணம் கட்டலாம், நல்ல ஸ்கேன் டாக்டரிடம். பழைய தழும்பின் மேல் நஞ்சு கீழே வந்து உட்கார்ந்தால் அது கர்ப்பப்பைச் சதைக்குள் ஊன்றிக்கொள்ளலாம். ஒரு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சும் கீழே இருந்தால் நூற்றில் சுமார் 11 பேருக்கு இது நடக்கிறது, இரண்டு ஆனவருக்குச் சுமார் 40. எடுக்கப்போனால் ரத்தம் நிற்காது. தேவையில்லாத முதல் சிசேரியனை நான் எதிர்ப்பதும் இதனால்தான். பெரிய மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தத் தழும்பைச் சமாளிக்க வழி இருக்கிறது. தியேட்டருக்குப் பல மணி நேரம் தள்ளி இருக்கும் பெண்ணுக்கு அடுத்த பிரசவத்தில் அது உயிருக்கே ஆபத்து.

மூன்றாவது, ஹீமோகுளோபின். இன்றைக்கே பார்த்து, குறைவாக இருந்தால் மாத்திரையோ இரும்புச்சத்து ஊசியோ ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இதைவிட மலிவாக உயிர் காக்கும் வேலை எங்கள் துறையில் குறைவு.

அப்புறம் எங்கே பிரசவம் என்பது. உங்கள் டாக்டரின் மருத்துவமனை என்பதாலேயே அது நல்ல இடம் ஆகிவிடாது. பல சிறிய தனியார் மருத்துவமனைகளில் மயக்க மருந்து டாக்டரை வெளியிலிருந்து போன் செய்து வரவழைப்பார்கள், ரத்தமும் வெளியிலிருந்துதான். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்று எட்டும் தூரத்தில் இருந்தால், படுக்கை அழுக்காக இருந்தாலும், பழைய சிசேரியன் உள்ள பெண்ணுக்கு அதுதான் பத்திரமான இடமாக இருக்கலாம். எந்த இடமானாலும் நேரில் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "ராத்திரி ரெண்டு மணிக்கு இவருக்கு ஆபரேஷன் வேண்டுமென்றால் மயக்க டாக்டரும் ரத்தமும் இங்கேயே இருக்குமா, எவ்வளவு நேரமாகும்?" மழுப்பினால் அடுத்த இடம் பாருங்கள்.

சுகப்பிரசவமா, தேதி குறித்த சிசேரியனா என்பதை அவர் முடிவு செய்யட்டும், நீங்களும் வேண்டாம், உங்கள் கணவரும் வேண்டாம். ஒரு குழந்தையை வலியிலேயே இழந்தவர், "இன்னொரு தடவை அந்த வலிக்கு என்னால் முடியாது" என்று சொன்னால் அது முழுக்க நியாயமான காரணம், 39 வாரத்தில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். இன்னும் குழந்தைகள் வேண்டும் என்று நினைத்தால் மேலே சொன்ன நஞ்சுக் கணக்கை அவருக்குப் புரியும்படி டாக்டர் எடுத்துச் சொல்ல வேண்டும். டாக்டரைப் பார்க்கும்போது கூடப் போங்கள், ஆனால் அவரைப் பேசவிடுங்கள். கூட ஒருவர் நின்று கேள்வி கேட்டாலே எங்கள் ஆட்கள் பேசும் தொனி மாறிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

பணத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. நீங்கள் அவருக்கு முதலாளியும்கூட, ஆனால் சம்பளம், விடுப்பு பற்றி உங்கள் கடிதத்தில் எங்கேயும் எழுதவில்லை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள், ஆபரேஷன் ஆனால் குறைந்தது ஆறு வாரம் வாளி தூக்கக் கூடாது, குனிந்து துடைக்கக் கூடாது. இப்போதே கனமான வேலைகளைக் குறையுங்கள். வீடு தூரமாக இருந்தால் கடைசி இரண்டு மூன்று வாரம் மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க ஏற்பாடு, இரவில் கூப்பிட்டால் வரும் ஒரு வண்டி, இவற்றுக்குச் செலவழியுங்கள். கொடுப்பதைக் கடனாக எழுதிவைத்து மாதாமாதம் பிடிக்க வேண்டாம்.

ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது என்று வந்தால் பதற வேண்டாம். கர்ப்பப்பை வளரும்போது பலருக்கு அது மேலே நகர்ந்துவிடும், 32 வாரம் வாக்கில் திரும்பப் பார்க்க வேண்டும். அப்போதும் கீழேயே இருந்தால் சிறிய மருத்துவமனை எதையும் நினைக்காமல், ரத்த வங்கியும் பெரிய ஆபரேஷன் குழுவும் உள்ள இடத்தில் அந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.